பொருள்: கருந்துளையின் எக்ஸ் கதிர் அலைவுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன்)

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளின் வானியல் கண்காட்சிப் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். ஒரு சொல்லில் நிற்கிறேன். ஜி.ஆர்.எஸ். 1915+105 போன்ற இரட்டைத் தொகுதிகளில் கருந்துளை துணை விண்மீனின் வாயுவை இழுக்கிறது. அங்கிருந்து வரும் எக்ஸ் கதிர் ஒரு செக்கனுக்குள்ளேயே பலமுறை கூடிக் குறைகிறது. அதில் தாளம் உண்டு, ஆனால் கட்டான தாளமில்லை. மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அலைவு) வரைபில் ஊசிமுனை வரவேண்டிய இடத்தில் அகன்ற மேடுதான் எழும்புகிறது. 'குவாசி பீரியோடிக் ஒசிலேஷன்' என்பார்கள். 'போலி ஆவர்த்தன அலைவு' என்று போடவா?

காரைதீவு:
ரீச்சர், போலி வேண்டாம். அகம் அகன் ஆவதை இலக்கணம் போலி என்கிறது, சரி. பிள்ளைக்கோ போலி என்றால் கள்ளத்தாள். இந்த அலைவு பொய்யில்லை. 1995இல் ஏவிய ரோஸி எக்ஸ் கதிர்ச் செய்மதி நீங்கள் சொன்ன அதே தொகுதியில் 67 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 67 முறை, அலைவைப் பதிந்தது. ஆவர்த்தனம் வடசொல். நம்மிடம் 'மீள்' இருக்கிறதே! மீடிறன் என்பதே மீள்+திறன். வினைத்தொகை, அதனால்தான் மீட்டிறன் ஆகவில்லை. ளகரமும் தகரமும் சேர்ந்து டகரமாவதை நாடோறும் என்பதிலும் பார்க்கலாம். 'தளர்மீளலைவு' என்பேன். யாழின் சுரங்களைக் கணிதத்தால் அளந்த விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். வடசொல்லைத் தொட மனம் வரவில்லை.

அக்கரைப்பற்று:
ஐயா, தளர் என்றால் பிள்ளைகள் தணித்த அலைவு என்றுதான் எடுப்பார்கள். அதில் வீச்சம் குறையும். இங்கே தடுமாறுவது ஆவர்த்தன காலம். குறைகடத்தி என்று ஏற்கெனவே படிப்பிக்கிறோம். அந்தக் 'குறை'யையே எடுப்போம்: குறையாவர்த்தன அலைவு.

காரைதீவு:
சேர்த்து எழுதினால் 'குறையா வர்த்தனம்' என்று பிரிப்பார்கள். நேர்மாறான பொருள்!

வந்தாறுமூலை, மாணவன்:
சேர், கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உட்பகுதி தள்ளாடுவதால் வருவது என்ற விளக்கம் பலமாக இருப்பதால் 'தள்ளாட்ட அலைவு' பொருந்தாதா? 0.1 முதல் 30 ஹேர்ட்ஸ் வரையான அலைவுகள் வட்டின் மென்கதிரில் (சக்தி குறைந்த எக்ஸ் கதிரில்) மங்கலாகவும், உட்புறத்துச் சூடான இலத்திரன் முகிலின் வன்கதிரில் (சக்தி கூடியதில்) பலமாகவும் தெரிகின்றன.

அக்கரைப்பற்று:
தம்பி, காரணம் இன்னும் முடிவாகவில்லை. நாளைக்கு வேறு விளக்கம் வென்றால் சொல் பிழையாகிவிடும். வரைபில் தெரிவதை மட்டும் சொல்லும் பெயர் போதும்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை:
அச்சகம் நாளைக் காலை கேட்கிறது. மூன்று பேர் 'குறை' பக்கம். இடைக்கோடு போட்டுக் 'குறை-ஆவர்த்தன அலைவு' என்று அனுப்புகிறேன். வரைபின் மேட்டைச் சிவப்பில் போட்டுப் பக்கத்தில் ஊசிமுனையையும் கீறச் சொல்லியிருக்கிறேன்.

காரைதீவு:
பதாகை போகட்டும். சொற்கோவையில் 'குறைமீளலைவு' என்பதையும் பதியுங்கள். நான் உடன்படவில்லை.