டீசல் வேனுக்கும் கரிம வரி உண்டா?

காய்கறி வேன்: சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்காவுக்கு விடியற்காலையில் சரக்கு ஏற்றுகிறேன். டீசல் வேன், சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடியப்போகிறது. கரிம வரி 2026-இல், வெளியிடும் பசுமைக்குடில் வாயு டன்னுக்கு 45 வெள்ளி. டீசலுக்கும் அது வருமா? புதுப்பிக்கவா, மின்சார வேன் வாங்கவா?

ஈசூன்வாசி: அண்ணே, அது ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் ஆலைகளுக்கு. பம்பில் நாம் கட்டுவது கலால் வரி. டீசலுக்கு 2019 முதல் லிட்டருக்கு 20 காசு.

மின்வேன்காரர்: 2025 முதல் புது டீசல் கார், டாக்சிக்குப் பதிவு இல்லை. வேன் அதில் சேராது. ஆனால் 2040-க்குள் எல்லா வாகனமும் தூய எரிசக்திக்கு மாறணும் என்பதுதான் அரசாங்க இலக்கு. நான் மாறிட்டேன். புளோக் கார்பார்க்கிலேயே சார்ஜ். சரக்கு இறக்கும் சந்தில் புகை இல்லை, பையன்கள் இருமுவதில்லை. மாறுங்கண்ணே.

காய்கறி வேன்: சரி, முழுச் சுமையோடு எவ்வளவு தூரம் ஓடும்?