புதுப்பிப்பு: 41 வயதில் பிஎம்எக்ஸ், மேடுகளில் வேகம் குறைவது சரியாகிவிட்டது

லண்டன் லீ வேலி வெலோபார்க்கில் (2012 ஒலிம்பிக்குக்குக் கட்டி, பிறகு எளிதாக்கிய தடம்) பிஎம்எக்ஸ், அதாவது சின்னச் சக்கர சைக்கிளில் மேடுபள்ளத் தடத்தில் ஓட்டும் பந்தயம், பழக ஆரம்பித்தேன், இரண்டாவது மேட்டிலேயே வேகம் செத்துவிடுகிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது "மிதிக்காதீங்க, பம்ப் பண்ணுங்க" என்ற யோசனைதான். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில். சீட்டில் உட்காரவே கூடாது. மேடு ஏறும்போது முழங்கையையும் முழங்காலையும் மடக்கி வண்டியை மேலே வரவிட வேண்டும். உச்சி தாண்டியதும் கை, கால் இரண்டாலும் கீழே அழுத்த வேண்டும். சனிக்கிழமை நாலு மேடுகளை ஒரு மிதிகூட இல்லாமல் கடந்தேன். இறக்கத்தில் டயர் 'விர்'ரென்று ஒலித்ததும் உடம்பே சிலிர்த்தது!

"கேட் (தொடக்கக் கோட்டில் சக்கரத்தைத் தடுத்து நிற்கும் தடுப்பு) விழும்வரை காத்திருக்காமல், தொடக்க ஒலியின் முதல் பீப்புக்கே கிளம்புங்க" என்ற யோசனை இன்னும் கைவரவில்லை. முன்சக்கரம் கேட்டில் முட்டுகிறது.

எதிர்பாராதது ஒன்று: 20 அங்குலச் சக்கரத்தைவிட 24 அங்குல 'குரூசர்' எனக்கு நன்றாகப் பொருந்தியது. ரேஸில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. பெரியவர்கள் வாங்குவதற்கு முன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.