லாபத்தில் பாதி தருகிறோம் என்ற பிறகும் மொசாதெக் ஏன் மறுத்தார்?

சிப்புட் மாணவி:
வணக்கம். ஆறாம் படிவத்தில் வரலாறு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ஈரான் எண்ணெய்த் தகராறைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஈரானில் எண்ணெய் எடுத்துவந்த பிரிட்டிஷ் கம்பெனியான ஆங்கிலோ-ஈரானியனின் தொழிலை 1951இல் ஈரான் நாட்டுடமையாக்கியது. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சர் ரிச்சர்ட் ஸ்டோக்ஸ் தெஹ்ரானுக்குப் போய் லாபத்தில் பாதி தருகிறோம் என்றார். அதற்கு முந்தைய டிசம்பரில் சவூதிக்கு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான அராம்கோ கொடுத்ததும் பாதிதான். அப்படியிருக்க ஈரான் பிரதமர் மொசாதெக் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? வெறும் பிடிவாதமா?

ஓய்வு ஆசிரியர், சுங்கை சிப்புட்:
மகளே, பாதி என்றால் எதில் பாதி, யார் எழுதும் கணக்கில் பாதி?

என் அப்பா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். வெட்டு முடிந்து ஸ்டோரில் வாளியை இறக்குவார். கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், பாலில் எவ்வளவு ரப்பர் என்று சோதித்து ஓர் எண்ணைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அன்றைய கூலி அந்த எண்ணில்தான் இருக்கிறது. மழைக்குப் பிறகு எண் குறைந்தால் சரி, நல்ல வெயிலிலும் குறைந்தால்? ஒருநாள் அப்பா புத்தகத்தைக் காட்டச் சொன்னார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே அவரை மேட்டு நிரைக்கு, மேட்டிலுள்ள மர வரிசைக்கு, மாற்றிவிட்டார்கள். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூலி குறைவு என்று அவர் அவ்வளவு பேசியதில்லை.

ஆங்கிலோ-ஈரானியக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் இருந்தது. ஈரானுக்குக் கொடுத்த ராயல்டியைவிட லண்டனுக்குக் கட்டிய வரி அதிகம். கணக்கைத் தணிக்கை செய்ய ஈரான் கேட்டது, கம்பெனி விடவில்லை. ஸ்டோக்ஸ் கொண்டுபோன திட்டத்தில் பாதி லாபம் இருந்தது உண்மைதான். ஆனால் எண்ணெயை எடுத்து நடத்துவதில் பிரிட்டிஷ்காரர்களின் பிடி தளரவில்லை. பொது மேலாளர் பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டும் என்றார் ஸ்டோக்ஸ். பேச்சு முறிந்தது அந்த நாற்காலியில். மொசாதெக் மூன்றைப் பற்றித்தான் பேசத் தயாராக இருந்தார்: நஷ்டஈடு, பிரிட்டனுக்கு எண்ணெய் விற்பது, பிரிட்டிஷ் தொழில்நுட்பர்களை ஈரானின் வேலையில் வைத்துக்கொள்வது. நஷ்டஈட்டுக்கென்று எண்ணெய் வருமானத்தில் 25 விழுக்காடு வரை ஒதுக்க நாட்டுடமைச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். பிடிவாதக்காரர் அப்படிச் செய்வாரா?

லோரி அண்ணன், கோலக்கங்சார்:
ஐயா சொல்வது நெஞ்சைத் தொடுகிறது. ஆனாலும் சனங்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டாமா? ஈரானின் அபடான் அப்போது உலகத்திலேயே பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ்காரர்கள் வெளியேறுவதற்கு முன்பே ஏற்றுமதி படுத்துவிட்டது. ரோஸ் மேரி கப்பல் ஈரான் எண்ணெயோடு போனபோது 1952இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஏடனில் பிடித்துவிட்டார்கள். உலக வங்கி நடுவில் வந்து நடத்தித் தருகிறேன் என்றபோதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். நம் மலேசிய அரசின் எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸைப் பாருங்கள். 1974இல் சட்டம் போட்டார்கள், வெளிநாட்டுக் கம்பெனிகளான ஷெல்லையும் எஸ்ஸோவையும் துரத்தவில்லை, 1976இல் ஒப்பந்தம் போட்டு வேலை வாங்கினார்கள்.

ஓய்வு ஆசிரியர், சுங்கை சிப்புட்:
தம்பி, சனங்கள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக வங்கியும் ஈரானின் பெயரில் நடத்துகிறோம் என்று சொல்ல மறுத்தது, பிரிட்டிஷ்காரர்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. அதை மொசாதெக் எப்படி ஏற்பார்? 1952 ஜூலையில் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் பிரிட்டன் போட்ட இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. அதற்கு அடுத்த மாதம் அமெரிக்க அதிபர் ட்ரூமனும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் சேர்ந்து ஒரு திட்டம் அனுப்பினார்கள். அதுவும் நஷ்டஈட்டில் இடறியது. ஈரான் கம்பெனியோடு செய்த 1933 உடன்படிக்கை 1993 வரை என்பதால், எடுக்காத எண்ணெயின் லாபத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள் என்ற பயம்.

பெட்ரோனாஸ் நல்ல உதாரணம். ஆனால் காலத்தைப் பாருங்கள். 1951இல் பெரிய கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஈரான் எண்ணெயை வாங்காமல் நின்றன, குவைத்திலும் சவூதியிலும் கூடுதலாக எடுத்து ஈடுகட்டின. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விற்பவன் கை ஓங்கிவிட்டது. அப்போதும் பெட்ரோனாஸின் முதல் தலைவர் தெங்கு ரசாலி எளிதாக முடிக்கவில்லை. 1975 சட்டத் திருத்தத்தில், கம்பெனிகளின் நிர்வாகத்தைப் பெட்ரோனாஸ் கைக்குக் கொண்டுவரும் நிர்வாகப் பங்கு என்று வந்ததும் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன, பிறகு அதைக் கைவிட்டார்கள்.

சிப்புட் மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. 1953இல் மொசாதெக்கின் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு ஈரானுக்கு அந்தப் பாதி கிடைத்ததா?

ஓய்வு ஆசிரியர், சுங்கை சிப்புட்:
கிடைத்தது மகளே. 1954இல் எண்ணெய்க் கம்பெனிகளின் ஒரு கூட்டமைப்பு வந்தது. பழைய கம்பெனிக்கு 40, அமெரிக்கர்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக்காரர்களுக்கு 6 விழுக்காடு. லாபத்தில் பாதி ஈரானுக்கு. எண்ணெய் வயலும் அபடானும் பெயரளவில் ஈரானுடையவை. நடத்தியது கூட்டமைப்பு.