டோனர் இன்ஜின்: கொடையா, கைம்மாற்றா, ஸ்டெப்னியா?

பீளமேட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வாகனச் சீரமைப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஓர் அத்தியாயம், 1970ஆம் ஆண்டு ஷெவ்ரலே ஷெவெல் எஸ்எஸ் 396 என்னும் அமெரிக்க மசில் காரை, அதாவது பெரிய, வலுவான இன்ஜின் பூட்டிய காரை, புதுப்பிப்பது பற்றியது. காரின் சொந்த இன்ஜினை ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சீராக்க, லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் ஓட்டிச் சோதிப்பதற்காக, உடைப்புக்குப் போகும் வேறொரு ஷெவ்ரலேயிலிருந்து 350 கன அங்குல வி8 இன்ஜினை எடுத்து ஏற்றுகிறார்கள். அதைத்தான் ஆங்கிலத்தில் ‘டோனர் இன்ஜின்’, அதாவது கொடையாளி தந்த இன்ஜின், என்கிறார்கள். ‘கொடைப் பொறி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை; வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ‘மசில் கார்’ அப்படியே இருக்கட்டும், அதைக் கிளற வேண்டாம் என்று முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘கொடை’ இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களில், தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’, நிகரானவன் கேட்பது ‘தா’, உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’ என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பெயர்பெற்ற கார் ஒன்று பேர் தெரியாத காரிடம் கேட்டு வாங்குவதால், ‘கொடு’வின் வழிவந்த ‘கொடை’ அங்கே முறையாகவே அமைகிறது. ஆயினும் கொடுத்த கொடை திரும்பாது. இந்த இன்ஜினோ கழற்றப்படப் போவது. ஆகவே, வட்டியில்லாமல் சில நாளைக்கு வாங்கித் திருப்புவதை நம் ஊரில் ‘கைமாத்து’ என்கிறோமே, அதன் செம்மை வடிவமாகிய ‘கைம்மாற்றுப் பொறி’யை முன்மொழிகிறேன். வள்ளுவர் மழையைப் பற்றிச் சொன்ன ‘கைம்மாறு’ இதற்கு உடன்பிறப்பு என்பதையும், ‘மாற்று’ என்பது பொன்னின் தரத்தையும் குறிக்கும் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். பொன்னை உரைத்துப் பார்ப்பதும் காரை ஓட்டிப் பார்ப்பதும் சோதனைதானே.

சிங்காநல்லூரிலிருந்து பட்டறை உரிமையாளர்:

ஐயா எழுதியதைப் படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் ‘பொறி’ என்றால் எங்கள் பையன்களுக்கு எலிப்பொறியும் தீப்பொறியும்தான் தெரியும். இன்ஜின் இன்ஜினாகவே இருக்கட்டும். பொன்னையும் விட்டுவிடுவோம்.

இந்தச் சொல் எதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்பதை வேலையை வைத்துச் சொல்கிறேன். ஏற்றப்போகும் 350 என்பது ‘ஸ்மால் பிளாக்’ என்னும் சிறிய உடல் கொண்ட வகை, காரின் சொந்த 396 என்பது ‘பிக் பிளாக்’ என்னும் பெரிய வகை. இரண்டுக்கும் கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட் துளைகள் ஒரே அமைப்பில் இருப்பதால் கியர்பாக்ஸ் தடையின்றிச் சேர்ந்துவிடும், ஆனால் இன்ஜினைத் தாங்க சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் பிராக்கெட்டுகள் வேறு. ஆகவே பழைய பிராக்கெட்டுகளைக் கழற்றி, போல்ட்டோடு ஒரு பையில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டி வைக்க வேண்டும். சேஸிஸில் புதுத் துளை போடுவதோ வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. கிடைத்த இன்ஜின் 454 கன அங்குலம் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும்: அதன் கிராங்கை, அதாவது சுழலும் தண்டை, சமன்செய்யும் எடையில் ஒரு பங்கு அதன் முனையில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருப்பதால், பழைய ஃப்ளைவீலை அதில் மாட்டினால் வண்டி உதறும். காரின் சொந்த இன்ஜின் பிளாக்கில் வண்டியின் சேஸிஸ் எண்ணின் ஒரு பகுதி அடிக்கப்பட்டிருக்கும், அது பொருந்தினால்தான் பழைய காருக்கு மதிப்பு; எனவே அந்த இன்ஜின் திரும்பி வந்தே தீரும். இது போகப் போகிற இன்ஜின் என்று பெயரிலேயே தெரியாவிட்டால், படிக்கிற பையன் கட்டரைக் கையில் எடுத்துவிடுவான். எங்கிருந்து வந்தது என்பதைவிட எத்தனை நாள் இருக்கும் என்பதே முக்கியம்.

தோட்டத்துக் கிணற்று மோட்டார் காயில் கருகி ரீவைண்டிங்குக்குப் போனால், பயிர் காயக்கூடாது என்று கடைக்காரர் ஒரு மோட்டாரைத் தற்காலிகமாகத் தருவார் அல்லவா, அதே கதைதான் இது. எங்கள் பட்டறையில் கேட்டபோது யோசிக்காமல் ‘ஸ்டெப்னி இன்ஜின்’ என்றார்கள்.

ஈரோட்டிலிருந்து:

ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனம் அந்தத் தெருவில் இருந்ததால் சக்கரத்துக்கே தெருவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அது ஆகுபெயர் என்ற அளவில் ஏற்கலாம். கோவை மாணவனின் பாடநூலில் வேல்ஸ் தெரு எதற்கு?

சிங்காநல்லூரிலிருந்து:

அந்தத் தெரு நம் ஊர்ச் சொல்லாகிப் பல காலம் ஆயிற்று, ஐயா. ஆனாலும் ஸ்டெப்னி என்பது டிக்கியில் காத்திருப்பது, இது வண்டியில் ஏறி ஓடுவது. அந்தக் குறையை நானே ஒப்புக்கொள்கிறேன். கைம்மாற்றிலும் குறை உண்டு. கைமாத்து வாங்கினால் கொடுத்தவரிடம் திருப்ப வேண்டும். இங்கே கொடுத்த கார் ஏற்கெனவே இரும்புக்கடை எடைத்தராசில் ஏறியிருக்கும்.

திருப்பூரிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

சொல்லும் பொருளும் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும் என்று இத்தனை பாடுபடுகிறோம். அந்த 1970 எஸ்எஸ் 396 காரில் உண்மையில் இருப்பது 402 கன அங்குல இன்ஜின்; உள்விட்டத்தைக் கூட்டிவிட்டுப் பழைய எண்ணையே பெயராக வைத்துக்கொண்டார்கள். செய்தவர்களே கவலைப்படவில்லை. ‘இடைக்கால இன்ஜின்’ என்று போடுங்கள். அரசியலில் இடைக்கால நிதிநிலை அறிக்கை கேட்ட எவருக்கும் புரியும்.

பீளமேட்டிலிருந்து:

எத்தனை நாள் இருக்கும் என்பதே முக்கியம் என்பதால், இன்ஜினை ‘இடைக்கால இன்ஜின்’ என்றும், அதைத் தந்த காரை மட்டும் ‘கொடை வண்டி’ என்றும் எழுதிவிட்டேன். முதல் முறை வருமிடத்தில், பட்டறை வழக்கில் ‘ஸ்டெப்னி இன்ஜின்’ என்பார்கள் என்று ஒரு வரியும், பிராக்கெட்டைக் கழற்றிக் கட்டிவைக்கும் குறிப்பும் சேர்த்திருக்கிறேன். கோப்பு இன்று மாலை அச்சகம் போகிறது.

ஈரோட்டிலிருந்து:

‘காலம்’ வடசொல்லா தென்சொல்லா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனது ‘கைம்மாற்று’ அப்படியே நிற்கிறது. கொடுத்தவர் மறைந்தால் அவர் வாரிசுக்குத் திருப்புவதும் கைம்மாற்றுதான். விரிவாக நாளை எழுதுகிறேன்.