‘உருகுநிலை வீச்சு’ வேண்டா: ‘உருகல் நெடுக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வேதிப்பொருள்களின் பாதுகாப்புத் தரவுத் தாளில் ஒன்பதாம் பிரிவில் வரும் ‘உருகுநிலை’ பாடநூல் வழியாக வேரூன்றிய சொல். அதில் கருத்து வேறுபாடில்லை. உருகத் தொடங்கும் வெப்பநிலை, உருகி முடியும் வெப்பநிலை என ஆய்வகம் ஓர் எண்ணுக்கு மாறாக இரண்டு எண்களைத் தரும்போதுதான் சிக்கல். அதற்கு (ஆங்கிலத்தில் melting range) முன்மொழியப்பட்ட ‘உருகுநிலை வீச்சு’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. புள்ளியியலில் வீச்சு என்பது பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து வரும் ஒற்றை எண். நமக்கோ இரு முனைகளும் தெரிந்தாக வேண்டும்.

நுண்துளைக் குழாயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குப் பொடியை இறுக்கி, நிமிடத்துக்கு 1 பாகை என மெல்லச் சூடேற்றினால், பொடி முதலில் குழாய்ச் சுவரைவிட்டுச் சற்றே சுருங்கும். பிறகு சுவரோரம் ஒரு துளி பளிச்சிடும்போது முதல் எண்ணைக் குறிக்கிறோம். கடைசிப் படிகமும் மறைந்து தெளியும்போது இரண்டாம் எண்ணைக் குறிக்கிறோம். ஏறத்தாழ 122 பாகை செல்சியசில் உருகும் பென்சாயிக் அமிலம் தூயதாக இருந்தால் இவ்விரு எண்களும் ஒட்டி நிற்கும். மாசு கலந்திருந்தால் உருகல் முன்னதாகவே தொடங்கி நீண்டு செல்லும்.

பாதுகாப்புக்கு முதன்மையானது கீழ்முனை. இயல்பான வளியழுத்தத்தில் உருகுநிலையோ உருகத் தொடங்கும் வெப்பநிலையோ 20 பாகை அல்லது அதற்குக் கீழே இருந்தால் அப்பொருளை நீர்மம் என்றே ஐக்கிய நாடுகளின் வேதிப்பொருள் வகைப்பாட்டு முறை (GHS) கொள்கிறது. தூய ஃபீனால் ஏறத்தாழ 41 பாகையில் உருகும். பத்தில் ஒரு பங்கு நீர் சேர்ந்தாலே அறை வெப்பத்தில் நீர்மமாகிவிடும். திண்மமாகக் கொட்டினால் உரிய கையுறையுடன் அள்ளிவிடலாம். நீர்மமாகச் சிந்தினால் ஓடிப் பரவும், தோலில் பட்டால் புண்ணாக்குவதோடு உடலுக்குள்ளும் இறங்கும். கழித்து வந்த ஓர் எண்ணை மட்டும் படிக்கும் கிடங்குப் பணியாளருக்கு இது தெரிய வழியில்லை.

ஆகவே ‘உருகல் நெடுக்கம்’ என்றும், அதன் முனைகளை ‘உருகல் தொடக்கம்’, ‘உருகல் முடிவு’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘நிலை’ ஒரு புள்ளியைச் சுட்டுவதால் அதை இதில் தவிர்த்தேன். உருகும் முன்பே சிதைந்துவிடும் பொருள்களுக்கு இச்சொல் பொருந்தாது. அவற்றுக்குச் ‘சிதைவு வெப்பநிலை’ என்றே எழுத வேண்டும்.

‘நெடுக்கம்’ உங்கள் துறையில் இதனோடு முரண்படும் பொருளில் வழங்குமானால் அருள்கூர்ந்து சுட்டிக்காட்டுங்கள்.