டிஏசி, கேபிள், கிரானைட் பலகை: சத்தம் நிஜமாவே மாறுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காவேரிப்பட்டணத்தான்

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஆர்சிசி வீடு. ஹால் 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி, தரை டைல்ஸ். சேனலுக்கு 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப், 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, லேப்டாப்ல இருந்து யூஎஸ்பி டாங்கிள் (லேப்டாப்ல சொருகற சின்ன ஆடியோ அடாப்டர்) வழியா பாட்டு. இப்போ மூணு யோசனை இருக்கு. ஒண்ணு, 18,000 ரூபாய்க்கு ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலா மாத்தற பெட்டி); பத்து நாள் வச்சுக் கேட்டுட்டுத் திருப்பித் தரலாம். ரெண்டு, மீட்டர் 900 ரூபாய் ஸ்பீக்கர் கேபிள். மூணு, ஸ்பீக்கருக்கு அடியில கிரானைட் பலகை. இங்க பட்டறைகள்ல வெட்டு மிச்சம் சல்லிசாக் கிடைக்குது.

டிஏசியை மாட்டினதும் குரல் முன்னாடி வந்த மாதிரியும் பேஸ் கெட்டியான மாதிரியும் இருக்கு. வீட்ல மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. இது நிஜமான்னு எப்படி முடிவு கட்டறது? மல்டிமீட்டர் இருக்கு, கூட உதவிக்கு ஒரு ஆளும் இருக்காங்க.

ஓசூர்_ஒலி

முதலில் சத்த அளவைச் சமன் செய்யுங்கள். அதைச் செய்யாத எந்த ஒப்பீட்டுக்கும் மதிப்பில்லை. டிஏசிகளின் லைன் அவுட் (ஆம்புக்குப் போகும் சிக்னல்) பொதுவாக 2 வோல்ட். பல டாங்கிள்கள் 1 வோல்ட் அளவில் நின்றுவிடும். வோல்ட் இரட்டிப்பானால் 6 டெசிபெல் ஏறும். ஆம்ப் வால்யூமைத் தொடாமல் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால், நீங்கள் கேட்ட மாற்றத்தில் பெரும்பங்கு அந்த 6 டெசிபெல்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் மிகக் குறைவாகத்தான் எட்டும், சத்தம் ஏற ஏற பேஸ் வேகமாக மேலே வரும். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் "பேஸ் கெட்டியாச்சு" இதோடு அப்படியே பொருந்துகிறது.

6 டெசிபெல்லையாவது சத்தம் கூடியிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். அரை டெசிபெல் வித்தியாசம்தான் ஆளை ஏமாற்றும். அது சத்தமாகத் தோன்றாது, தெளிவாகத் தோன்றும். ஆகவே 0.1 டெசிபெல்லுக்குள் கொண்டுவர வேண்டும். வோல்ட்டில் அது 1.2 சதவீதம்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் ஒலி) ஒரு நிமிடத்துக்கு உருவாக்குங்கள். 50, 100 ஹெர்ட்ஸ் வேண்டாம், கரண்ட் இரைச்சல் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். 1,000 ஹெர்ட்ஸும் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை. ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் டெர்மினலில் ஏசி வோல்ட் பாருங்கள். முனையைக் கையால் பிடித்துக்கொண்டு அளந்தால் நழுவி ஷார்ட் ஆகும், ஆம்பின் அவுட்புட் போய்விடும்; முதலைக் கிளிப் போடுங்கள். டாங்கிளில் 1.50 வோல்ட் வருகிறது என்றால், டிஏசியில் 1.48-க்கும் 1.52-க்கும் இடையில் வரும்வரை பாட்டு ஓட்டும் மென்பொருளில் அளவைக் குறையுங்கள். 24 பிட் அனுப்பினால் 6 டெசிபெல் குறைப்பதால் காதுக்குக் கேட்கும் இழப்பு எதுவும் இல்லை. ஆம்பின் வால்யூம் குமிழ் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சோதனை முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

இரண்டையும் ஆம்பின் இரண்டு இன்புட்டில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். உதவிக்கு இருப்பவர் நாணயம் சுண்டி, 16 முறைக்கான வரிசையை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பேச்சே கூடாது. முகமும் மூச்சும் கூடக் காட்டிக்கொடுத்துவிடும். இன்புட் மாற்றும் 'டக்' சத்தமும் ஒரு துப்பு. பூ வந்தாலும் தலை வந்தாலும் ஒவ்வொரு முறையும் மூன்றாவது இன்புட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள், அப்போது சத்தம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டில் 15 நொடித் துண்டு போதும். ஒவ்வொரு முறையும் ஓடியது டாங்கிளா டிஏசியா என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் அவர் வரிசையோடு ஒப்பிடலாம். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிதான் நிற்கும். ஒரு வாரம் இதை, ஒரு வாரம் அதை என்று கேட்டு ஒப்பிடுவது வெறும் மனக்கணக்கு.

16-க்கு 12 சரியாக வந்தால் வித்தியாசம் உங்கள் காதுக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாலும் 12 அல்லது அதற்கு மேல் வர 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்புதான். 10-க்கு 8 போதும் என்று நினைக்காதீர்கள், அது குருட்டாம்போக்கில் 100-க்கு 5-க்கும் மேல் வரும். நடுவில் நன்றாக வருகிறதே என்று நிறுத்தினால் கணக்கே கெட்டுவிடும்.

தருமபுரி_வயர்மேன்

மேலே அண்ணா சொன்னதுல ஒரு இடத்துல மாட்டிக்குவீங்க. நம்ம பக்கம் எல்லார் கையிலயும் இருக்கிற மஞ்சள் 830 மாடல் மீட்டர்ல ஏசி ரேஞ்சு 200, 750 ரெண்டுதான். 200 ரேஞ்சுல அது 0.1 வோல்ட் படியாத்தான் காட்டும். 1.5 வோல்ட்ல ஒரு படி தப்பினாலே அரை டெசிபெல்லுக்கு மேல போயிடும். ஏசியில 2 வோல்ட் ரேஞ்சு இருக்கிறதோ, 6000 கவுண்ட் (6000 படி வரை காட்டற) ஆட்டோ ரேஞ்சோ இருந்தாத்தான் இந்த வேலைக்கு ஆகும்.

கேபிள் விஷயம். வீட்டு வயரிங்குக்கு விக்கிற 1.5 ஸ்கொயர் மிமீ காப்பர் ஒயர் மீட்டருக்கு 0.0115 ஓம். உங்க ஹாலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 4 மீட்டர், போக வர 8 மீட்டர், மொத்தம் 0.09 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர்ல இழப்பு 0.1 டெசிபெல். இதுக்கு மேல 7,200 ரூபா போட்டாலும் மிச்சம் பிடிக்க அங்க ஒண்ணுமில்லை. ஆனா இப்போ போட்டிருக்கிறது ரேடியோ செட்டோட வந்த முடி மாதிரி ஒயர்னா கதை வேற. 0.2 ஸ்கொயர்ல அதே நீளத்துக்கு 0.7 ஓம், இழப்பும் கிட்டத்தட்ட 0.7 டெசிபெல். ஸ்பீக்கரோட ஓம் எல்லா சுருதிக்கும் ஒண்ணா இருக்காது, அதனால இழப்பும் இடத்துக்கு இடம் மாறும், குரலோட சாயலே மாறலாம். அந்த ஒயரைக் கண்டிப்பா மாத்துங்க, 1.5 ஸ்கொயர் போதும். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அது காப்பர் பூசின அலுமினியம், ஓம் ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு வரும்.

கேபிள் மாத்தினதும் சத்தம் மாறிடுச்சுன்னு சொல்றவங்க பாதிப் பேருக்கு அது உண்மைதான், காரணம்தான் வேற. ஒண்ணு, பழைய முனையில பச்சை பிடிச்சு லூசா இருந்திருக்கும். அதனால புதுசு போடறதுக்கு முன்னாடி பழைய கேபிளையே கழட்டி, முனையை வெட்டிப் புதுசா உரிச்சு, திரும்ப மாட்டிக் கேளுங்க. அதுக்கப்புறம் வர்ற மாற்றம்தான் கேபிளோட கணக்கு. ரெண்டாவது, ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். பேஸ் வத்திப்போகும், குரல் நடுவுல நிக்காம அறை பூரா பரவும். இதைத்தான் 'விசாலமா இருக்கு'ன்னு நினைச்சுக்குவாங்க. ஆம்ப்ல இருந்து கழட்டிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. சிவப்புல பிளஸ் வச்சா ரெண்டு வூஃபரும் (பேஸ் தர்ற பெரிய கூம்பு) வெளியே வரணும்.

சோதனையை ஈபி கரண்ட்லதான் பண்ணணும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடினா டிரான்ஸ்ஃபார்மரே உறுமும். ஃபேன் போடாதீங்க; சத்தத்துக்கு மட்டுமில்ல, சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் லைன்லயே இரைச்சலை ஏத்தும். 'ம்ம்ம்'னு ஹம் இருந்தா பவர் கார்டு வாங்கப் போகாம முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, அடுத்து செட்டாப் பாக்ஸோட கேபிள் டிவி ஒயரைக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினா நிக்குதோ அங்கதான் எர்த் சுத்து (ரெண்டு வழியா எர்த் சேர்ந்து இரைச்சல் வர்றது) இருக்கு. எர்த் பின்னை மட்டும் உடைக்கவே உடைக்காதீங்க, உயிர் விஷயம் அது. நம்ம பாறை மண்ணுல கோடையில எர்த் குழி காஞ்சு போயிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல சில வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க.

அரூர்_அறை_ஒலி

டிஏசி சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி என்று படித்ததுமே எனக்குக் கவலை அங்கே போய்விட்டது.

நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது எந்தச் சுருதியில் தேங்கும் என்பதற்கு, இந்த வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57. உங்கள் அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 57-ல் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட கான்கிரீட் அறையில் பேஸ் பகுதியில் 10 டெசிபெல் ஏற்ற இறக்கம் சாதாரணம். ஒழுங்கான இரண்டு டிஏசிகளுக்கு இடையே அதே பகுதியில் 0.2 டெசிபெல்கூட இருக்காது. பணம் எங்கே போக வேண்டும் என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது.

அறையின் நீளத்துக்கு நட்டநடுவே உட்கார்ந்தால் 48 காணாமல் போகும், பின்சுவரில் சாய்ந்தால் அதுவே அதிரும். பின்சுவரில் இருந்து நாலரை அடியில் நாற்காலியைப் போட்டுத் தொடங்குங்கள். வூஃபர் தனக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து 2 அடியில் இருந்தால், திரும்பி வரும் ஒலி 143 ஹெர்ட்ஸ் பக்கம் குழி பறிக்கும். ஆண் குரலின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கரை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நாணயம் சுண்டத் தேவையிருக்காது.

அளக்க விரும்பினால் அறை ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம், யூமிக்-1 போன்ற அளவு மைக் ஒன்று வேண்டும். மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி, ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப்பால் குறியிடுங்கள். எதையும் மாற்றாமல் மூன்று முறை அளந்து, கோடுகள் தமக்குள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகலை விடச் சிறியதாக வரும் எந்த 'முன்னேற்றமும்' கணக்கில் சேராது. மைக் இல்லாவிட்டாலும் இந்த நிதானம் காதுக்கும் வேண்டும். தலை நாலு விரல் நகர்ந்தால் மேல் சுருதிகள் மாறிவிடும், கேபிள் செய்வதாகச் சொல்லப்படும் மாற்றத்தை விட அது பெரிது.

கிரானைட்டுக்கு வருகிறேன். ஓரடிக்கு ஓரடி, 20 மிமீ பலகை ஏறக்குறைய 5 கிலோ. அதில் இரண்டு மூன்று அடுக்கினால் ஸ்பீக்கர் உயர்ந்து, ட்வீட்டர் (மேல் சுருதிகளைத் தரும் சிறிய பகுதி) காதுக்கு நேராக வரும். மாற்றம் முக்கியமாக அதனால்தான் கேட்கும். அதே உயரத்துக்குப் பலகைக் கட்டையோ புத்தகமோ அடுக்கி ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு கல்லை வையுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் உங்களுக்குத் தேவைப்பட்டது உயரம்தான். ஆடாமல் நிற்பதற்குக் கல் நல்லதுதான், வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அடியில் ரப்பர் வட்டு போடுங்கள், டைல்ஸில் கல் வழுக்கும்.

டைல்ஸும் வெறுஞ்சுவரும் இருப்பதால் கை தட்டினால் 'டர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். நீங்கள் நாற்காலியில் இருக்க, ஒருவர் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும். குரல் தெளிவது உடனே தெரியும். செலவில்லாத சோதனை இது; பிடித்திருந்தால் பிறகு 2 அங்குல ராக்வூல் (கல் நார்) பலகையைத் துணி சுற்றி மாட்டிக்கொள்ளலாம். மெத்தை 57 ஹெர்ட்ஸைத் தொடாது, அதற்கு இட மாற்றம்தான் வழி. முட்டை அட்டையும் தெர்மகோலும் வேண்டவே வேண்டாம், அவை ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம்.

காவேரிப்பட்டணத்தான்

ரொம்ப நன்றி. மூணு சந்தேகம். லேப்டாப்ல ரெண்டு யூஎஸ்பியும் ஒரே நேரத்துல சரியா ஒத்து ஓட மாட்டேங்குது. 16-க்கு 11 வந்தா என்ன பண்றது? அப்புறம், ஆம்ப்புக்குள்ள கெபாசிட்டர் எல்லாம் மாத்தினா நல்லா இருக்கும்னு மெக்கானிக் சொல்றார்; அதை எப்படி மாத்தி மாத்திக் கேக்கறது?

ஓசூர்_ஒலி

ஒத்து ஓட வேண்டாம். சிறு தாமதமே எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் உதவியாளர் அந்தத் துண்டை முதலில் இருந்தே ஓட்டட்டும்.

11 என்பது குருட்டாம்போக்கிலும் 100-க்கு 10 முறை வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுநாள் காது ஓய்ந்த பிறகு புதிதாக இன்னொரு 16 வையுங்கள், அதன் எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டையும் கூட்டக்கூடாது. தேறாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பாஸ்டன் பகுதியில் மேயரும் மோரனும் 2007-ல் வெளியிட்ட சோதனையில், உயர்தர டிஸ்க்கின் ஒலியை நேரடியாகவும், சிடி தரமான 16 பிட்டுக்கு இறக்கியும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276-தான் சரி, பாதிக்கும் ஒன்று குறைவு. தேறவில்லை என்றால் வித்தியாசமே இல்லை என்று நிரூபணம் ஆகாது. 18,000 ரூபாயைத் திருப்பி வாங்க அது போதும்.

தருமபுரி_வயர்மேன்

கெபாசிட்டருக்கு ஒரு நல்ல வழி இருக்கு. இடது சேனல்ல மட்டும் மாத்தச் சொல்லுங்க, வலதை அப்படியே விடுங்க. பாட்டை மோனோவாக்கி, ஒரே ஸ்பீக்கரை ரெண்டு சேனல்லயும் மாத்தி மாட்டிக் கேளுங்க. வோல்ட்டை ரெண்டுலயும் சமன் பண்ணிட்டு, அதே நாணயம், அதே 16. ரெண்டு ஸ்பீக்கர் வச்சா ஸ்பீக்கரோட வித்தியாசமும் சேர்ந்து வந்துடும்.

பவர் சப்ளையில இருக்கிற பெரிய ரெண்டும் ரெண்டு சேனலுக்கும் பொது, அதை இப்படிச் சோதிக்க முடியாது. 20 வருசப் பழைய ஆம்ப்னா சூட்டுல அது காஞ்சிருக்கும், மாத்தினா 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையறதை மீட்டர்லயே பார்க்கலாம்: இன்புட்டை ஷார்ட் பண்ணி, ஸ்பீக்கர் டெர்மினல்ல ஏசி மில்லிவோல்ட்டை மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எழுதி வைங்க. எண் இறங்கலைன்னா பழசு நல்லாத்தான் இருந்திருக்கு. மூடியைத் திறந்தா பிளக்கைப் பிடுங்கிட்டு, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் கெபாசிட்டர் கால்கள்ல பத்து நொடி வச்சு, மீட்டர்ல 1 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினதைப் பார்த்த அப்புறம்தான் கை வைக்கணும்.