மறுமொழி: கோயில் அலங்கார வளைவு – தலைக்கு 5,000 ரூபாய் விஷயமாக

மடற்குழுவில் உள்ள பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

கடைவீட்டு மாமா 2019 தேர்ச் சக்கரக் கணக்கை மறுபடி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டியதுதான். அந்த ரசீதுகள் யாரிடம் இருக்கின்றன என்று பொருளாளர் அண்ணன் இந்த முறையாவது எழுதிவிட்டால் நல்லது. ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. நம் ஊர்க் கோயிலுக்கு அலங்கார வளைவு கட்டத் தலைக்கு ஐயாயிரம் கேட்டுத் தலைவர் எழுதிய மடலைப் பற்றித்தான்.

என் அக்கா ஆடி நோன்பிக்கு ஊருக்குப் போயிருந்தாள். கோயில் மண்டபத்துச் சுவரில் வளைவின் மாதிரிப் படத்தை ஒட்டியிருக்கிறார்களாம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நடுவில் அம்மன். வலது தூணில் நம் சங்கத்தின் பெயர். இடது தூணில், தோளில் துப்பாக்கியும் அந்த மீசையுமாக வீரப்பன். பாதிச் செலவை ஏற்கும் கொடையாளர் கேட்டுக்கொண்டாராம். இது தலைவர் எழுதிய மடலில் ஒரு வரிகூட இல்லை. ஐயாயிரம் மட்டும்தான் இருந்தது.

மேட்டுவீட்டு அண்ணன், உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். "நம்ம மண்ணை உலகத்துக்குக் காட்டியவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. இங்கே மஸ்கட்டில் மேட்டூர்ப் பக்கம் என்றதும் "வீரப்பன் ஊரா?" என்று என்னிடமும் கேட்பார்கள். அதில் பெருமைப்பட எனக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என்ன நடந்தது என்பதை நாம் ஊர்க்காரர்களே மறந்துகொண்டு வருகிறோம், அதனால் எழுதுகிறேன்.

1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸை வீரப்பனும் ஆட்களும் கொன்றார்கள். சரணடைகிறேன், ஆயுதம் இல்லாமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியதை நம்பிப் போன மனிதர் அவர். தலையை வெட்டினார்கள். அவர் யார் தெரியுமா? வீரப்பன் பிறந்த கோபிநத்தத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தவர். அந்த ஊர் ஜனங்கள் இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். கோயிலைக் கட்டியவரைக் கொன்றவர் படத்தை நாம் கோயில் வாசலில் வைக்கப் போகிறோம். அம்மன் முன்னால் நின்று இதைச் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 14. கர்நாடக எஸ்.பி. ஹரிகிருஷ்ணா, எஸ்.ஐ. ஷகீல் அகமது. துப்புக் கிடைத்தது என்று நம்பி மீண்ணியம் பக்கம் போனார்கள், வழியில் பதுங்கியிருந்து சுட்டார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் அது. அதற்கப்புறம் 1993 ஏப்ரல் 9, பாலாறு. சொரக்காய்மடுவில் கண்ணிவெடி, 22 பேர். சிறுவயதில் நான் எல்லோரும் போலீஸ் என்றே நினைத்திருந்தேன். இல்லை. அதில் பெரும்பாலோர் வழிகாட்டவும் துப்புச் சொல்லவும் கூட்டிப் போன சாதாரண ஆட்கள். லுங்கி கட்டி, பீடி பிடித்து, நம் சித்தப்பா மாமா மாதிரி இருந்தவர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அந்த வருஷங்களில் அம்மா சந்தையிலிருந்து அரிசியை இரண்டு படிக்கு மேல் வாங்கி வரமாட்டாள். கூடுதலாக இருந்தால் "யாருக்கு இது?" என்று பகலில் ஒருவர் கேட்பார், இரவில் இன்னொருவர் கேட்பார். படியில் அரிசியை அளந்துவிட்டு, தலைதட்டிச் சமமாக்கி, மேலே நின்ற நாலு மணியையும் சாக்கில் திரும்பப் போடுவாள். அந்த விரல் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நாய் குரைத்தால் விளக்கை ஊதி அணைப்பாள்.

வடக்குத் தெரு மாமாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே, ஏன்? தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கில் மைசூர் சிறையில் கிடந்தவர். வீரப்பன் ஆட்களுக்கு உணவு கொடுத்தார்கள், தகவல் சொன்னார்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோரை உள்ளே வைத்திருந்தார்கள், பெண்களும் உண்டு. 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் விடுதலை. எட்டு வருஷம் கழித்து! மாமா போனபோது அவர் மகள் தொட்டிலில். திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பா என்று கூப்பிட மாட்டேன் என்றாள். மாமா வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். சிறையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை. நானும் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தேன்.

பாலாறு வழக்கில் சைமன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையன், பிலவேந்திரன் நான்கு பேருக்கும் முதலில் ஆயுள். 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தூக்காக்கியது. கருணை மனு ஒன்பது வருஷம் கிடந்து 2013-இல் தள்ளுபடி ஆனது. அந்தத் தாமதத்தைக் காட்டித்தான் 2014 ஜனவரி 21-இல் மறுபடி ஆயுளாகக் குறைத்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் 2007-இல், வீரப்பனைப் பிடிக்கப் போட்ட அதிரடிப் படையின் தேடுதலில் வதைபட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதிகாரம் செய்த தவறும் ஏட்டில் ஏறியிருக்கிறது. அதையும் நான் மறைக்கவில்லை.

இத்தனை பேரும் கூண்டிலோ விசாரணையிலோ நின்றார்கள். ஆனால் வீரப்பன் இந்தக் கொலைகளுக்காக ஒரு நாளும் நிற்கவில்லை. 1986-இல் பிடிபட்டுத் தப்பியவர், 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸில் சுடப்பட்டு இறந்தார். ஏன் கொன்றீர்கள் என்று ஹரிகிருஷ்ணாவின் குடும்பமோ ஸ்ரீனிவாஸின் குடும்பமோ அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வழியில்லாமல் போயிற்று. அவர் வாயால் பதில் வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். மூலக்காட்டில் புதைத்த அன்று கூட்டத்தோடு நானும் போயிருந்தேன், இருபது வயது. கைதட்டவும் இல்லை, அழவும் இல்லை. திரும்பி வரும்போது யாரோ கட்டிக்கொடுத்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டோம், யாரும் பேசவில்லை.

நம் ஊருக்குச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லையா? மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகில் தண்ணீர் இறங்கும் நாளில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டியில் போவோமே. அணை வற்றிய வருஷம் பண்ணவாடியில் நந்தியின் தலை தெரிந்தபோது, என் தாத்தா கையெடுத்துக் கும்பிட்டார். தண்ணீருக்கடியில் போன ஊரில் பிறந்தவர் அவர். அந்த நந்தியை இடது தூணில் செதுக்குங்களேன். கொடையாளர் கோபித்துக்கொண்டு விலகினால், விலகட்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். கொடையாளரின் பாதி போனால் நம் பங்கு கூடும். நான் ஐயாயிரத்துக்குப் பதில் பன்னிரண்டாயிரம் தருகிறேன். சிங்கப்பூர்ச் சின்னம்மாவும் அதே அளவு தருவதாக என்னிடம் சொன்னார். அவரே எழுதுவார். கடைவீட்டு மாமா கணக்கைப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, அவரை விட்டால் நம்மிடம் ஆள் இல்லை. வடக்குத் தெரு மாமாவைக் குழுவில் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் புதிய மாதிரியை ஆசாரி கையால் வரைய வைத்து, முதலில் அவரிடம் காட்டிவிட்டு அப்புறம் சுவரில் ஒட்டுங்கள்.

பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்த அன்றைக்கே பணம் அனுப்புகிறேன். வங்கிக் கணக்கு எண் பழையதுதானா, மாறிவிட்டதா என்று யாராவது எழுதுங்கள்.

கிணற்றுவீட்டுச் சின்னவன்
மஸ்கட்